பழைய மருத்துவ விடுப்பும் புதிய வேலையும்: தென்னாப்பிரிக்காவில் யார் எதைக் கேட்கலாம்?

தென்னாப்பிரிக்காவில் ஒரு வேலையை விட்டு விலகும்போது முதலாளி கட்டாயம் தரவேண்டிய தாள் ஒன்று உண்டு. பணிச் சான்றிதழ். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை 1997ஆம் ஆண்டின் அடிப்படைப் பணி நிபந்தனைகள் சட்டம் 42ஆம் பிரிவில் வரிசையாகச் சொல்கிறது: உங்கள் முழுப்பெயர், முதலாளியின் பெயரும் முகவரியும், சேர்ந்த தேதி, விலகிய தேதி, பார்த்த வேலை, விலகும்போது வாங்கிய சம்பளம். விலகிய காரணத்தைக்கூட நீங்கள் கேட்டால்தான் எழுதுவார்கள். எத்தனை நாள் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தீர்கள் என்று எழுத அந்தத் தாளில் இடமே இல்லை.

இருந்தும் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் வேலை மாறப் போகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்வி இதுதான்: "போன வருடம் அறுவைச் சிகிச்சைக்காக 5 வாரம் வீட்டில் இருந்தேன். புது இடத்தில் தெரிந்தால் கொடுத்த வேலையைத் திரும்பப் பறித்துக்கொள்வார்களா?"

விடுப்பின் நாள் கணக்கு மட்டுமே ஒரு வேலையைப் பறிப்பது அரிது. அதைப் பற்றிச் சொன்ன பொய் பறித்துவிடும். சொல்லத் தேவையில்லாததையெல்லாம் நாமே முந்திக்கொண்டு கொட்டுவதும் சில நேரங்களில் காரியத்தைக் கெடுக்கும். ஆகவே கேட்கக்கூடியது எது, கேட்கக்கூடாதது எது, நாம் சொல்லியே ஆகவேண்டியது எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் விடுப்பின் கணக்கு. இந்நாட்டில் மருத்துவ விடுப்பு 36 மாதச் சுழற்சியாகக் கணக்கிடப்படுகிறது. அந்த மூன்று ஆண்டுகளில், நீங்கள் 6 வாரத்தில் வழக்கமாக எத்தனை நாள் வேலை செய்வீர்களோ அத்தனை நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வாரம் 5 நாள் வேலையென்றால் 30 நாள். 6 நாள் வேலையென்றால் 36 நாள். இது முதலாளி இரங்கிக் கொடுக்கும் சலுகை அல்ல, சட்டம் கொடுத்த உரிமை. 30 நாளில் 25 நாளை எடுத்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. வேறொரு முதலாளியிடம் சேர்ந்த அன்று சுழற்சி புதிதாகத் தொடங்குகிறது. பழைய இடத்தில் எடுத்ததும் கூட வராது, எடுக்காமல் மிச்சம் வைத்ததும் கூட வராது. அரசுத் துறை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாகிப் போகிறவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு முதலாளி அரசேதான் என்பதால் விடுப்புக் கணக்கும் கூடவே போகும்.

"நான் நிறைய நாள் லீவு எடுத்துவிட்டேன்" என்று கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எல்லா விடுப்பையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பிரசவ விடுப்பு மருத்துவ விடுப்பு அல்ல. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எடுத்த குடும்பப் பொறுப்பு விடுப்பும் மருத்துவ விடுப்பு அல்ல. வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் இழப்பீடு வாங்கிய நாள்களும் இந்தக் கணக்கில் சேராது. இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் பலருடைய எண்ணிக்கை பாதியாகிவிடும். நேர்காணலில் யாராவது கேட்கும்போது உத்தேசமாக ஒரு பெரிய எண்ணை உளறாமல் இருக்க, பழைய இடத்தின் சம்பளச் சீட்டுகளில் இருக்கும் விடுப்பு இருப்பை ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இதை எப்படிப் பார்க்கிறார் என்பது. மொத்த நாள்களைவிட அவை விழுந்திருக்கும் விதம்தான் அவர் கண்ணை உறுத்தும். இங்கிலாந்திலிருந்து வந்த பிராட்ஃபோர்ட் கணக்கு என்று ஒன்று விடுப்பைப் பதிவு செய்யும் மென்பொருள்கள் பலவற்றில் இருக்கிறது. எத்தனை தடவை விடுப்பு எடுத்தீர்களோ அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பிறகு மொத்த நாள்களால் பெருக்குவார்கள். ஒரே தடவையாக 10 நாள் மருத்துவமனையில் இருந்தவருக்கு 1 பெருக்கல் 1 பெருக்கல் 10, அதாவது 10 புள்ளி. அதே 10 நாளை ஒவ்வொன்றாகப் பத்துத் தடவை எடுத்தவருக்கு 10 பெருக்கல் 10 பெருக்கல் 10, அதாவது 1000 புள்ளி. நாள் கணக்கு அதேதான், புள்ளி நூறு மடங்கு. ஒற்றைத் தலைவலியும் ஆஸ்துமாவும் உள்ளவர்களை இந்தக் கணக்கு அநியாயமாகத் தண்டிக்கிறது என்பது என் கருத்து. ஆனால் மேலாளர்களின் மனம் எந்த மென்பொருளும் இல்லாமலேயே இப்படித்தான் கணக்குப் போடுகிறது. குடல்வால் அறுவைக்கு ஒரு மாதம் என்றால் "சரி, முடிந்துபோன விஷயம்" என்று விட்டுவிடுவார்கள். திங்கள்கிழமைகளில் மட்டும் வரும் வயிற்றுவலியை விடமாட்டார்கள்.

இங்கே நம்மவர்களுக்கென்று ஒரு வார்த்தை. தீபாவளி இந்த நாட்டில் அரசு விடுமுறை இல்லை. தைப்பூசமும் இல்லை. காவடி எடுத்த மறுநாள் கால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் ஆண்டு விடுப்பில் ஒரு நாளை முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாகக் காலையில் தொலைபேசியில் "உடம்பு சரியில்லை" என்று சொல்லும் பழக்கம், ஆண்டுக்கு ஆண்டு அதே தேதியில் பதிவாகிக்கொண்டே வரும். நம் பண்டிகை நாள்காட்டி மேலாளருக்கும் தெரியும்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் 7ஆம் பிரிவில், ஊழியரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்துவதைத் தடை செய்கிறது. வேறு சட்டம் அதை அனுமதித்தாலோ கட்டாயமாக்கினாலோ செய்யலாம். மருத்துவ உண்மைகள், பணிச் சூழல், அந்த வேலையின் அடிப்படைத் தேவை போன்ற காரணங்களால் நியாயப்படுத்த முடிந்தாலும் செய்யலாம். மற்றபடி கூடாது. எச்.ஐ.வி. பரிசோதனை என்றால் இன்னும் கடுமை. தொழிலாளர் நீதிமன்றமே அனுமதிக்க வேண்டும்.

பரிசோதனை என்றதும் இரத்தம் எடுப்பது, எக்ஸ்ரே எடுப்பது என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டத்தின் முதல் பிரிவு அதைவிட அகலமாகப் பிடிக்கிறது. ஒருவருக்கு ஏதாவது மருத்துவ நிலை உண்டா என்று முதலாளி கண்டறிய உதவும் எந்தச் சோதனையும், எந்தக் கேள்வியும், எந்த விசாரணையும் மருத்துவப் பரிசோதனைதான். அதாவது நேர்காணலில் "உங்களுக்குச் சர்க்கரை உண்டா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டாலும், விண்ணப்பப் படிவத்தில் நோய்களின் பட்டியலைப் போட்டுக் கட்டம் கட்டமாக டிக் அடிக்கச் சொன்னாலும், அது ஊசி குத்தி இரத்தம் எடுப்பதற்குச் சமம். நியாயமான காரணம் காட்ட முடியாவிட்டால் கேட்கவே கூடாது. இந்தப் பாதுகாப்பு வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும்தானே என்று நினைக்க வேண்டாம். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு, வேலைக்கு விண்ணப்பிப்பவரையும் இதற்குள் சேர்த்துவிடுகிறது.

அப்படியானால் "கடந்த ஆண்டு எத்தனை நாள் மருத்துவ விடுப்பு எடுத்தீர்கள்?" என்ற கேள்வி எந்தப் பக்கம் விழும்? எண்ணிக்கையை மட்டும் கேட்பது வருகைப் பதிவைக் கேட்பது போன்றது, நோயைக் கேட்பது அல்ல என்று முதலாளி வாதிடலாம். அந்த வாதத்தில் கொஞ்சம் உயிர் இருக்கிறது. ஆனால் எண்ணிக்கையைச் சொன்னதும் அடுத்த மூச்சில் "ஏன்?" என்று வரும். அங்கே அவர் கோட்டைத் தாண்டிவிடுகிறார். என் பார்வையில் முதல் கேள்விக்கு உண்மையான எண்ணைச் சொல்லலாம். இரண்டாவது கேள்விக்கு நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கேட்கக்கூடாததைக் கேட்டார்கள் என்பது ஒன்று. அதை வைத்து வேலை மறுத்தார்கள் என்பது வேறு. பின்னதை நிரூபிப்பது கடினம். 6ஆம் பிரிவு நியாயமற்ற பாகுபாட்டுக்கான காரணங்களைப் பட்டியலிடுகிறது. இனம், பாலினம், கர்ப்பம், வயது, மாற்றுத்திறன், எச்.ஐ.வி. நிலை என்று நீளும் அந்தப் பட்டியலில் "நோய்" என்று தனியாக ஒரு சொல் இல்லை. நீண்ட காலமாக இருக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் குறைபாடாக, வேலை கிடைப்பதையே கணிசமாகப் பாதிப்பதாக உங்கள் நிலை இருந்தால் அது மாற்றுத்திறன் என்ற தலைப்பின் கீழ் வரும். அப்போது பாகுபாடு நடக்கவில்லை, நடந்தாலும் அது நியாயமானதே என்று நிரூபிக்கும் சுமை முதலாளியின் தலையில். கால் முறிந்து குணமானவர், டெங்கு வந்து தேறியவர் போன்றவர்கள் அதற்குள் வரமாட்டார்கள். அவர்கள் பட்டியலின் கடைசியில் இருக்கும் "வேறு எந்தத் தன்னிச்சையான காரணமும்" என்ற வாசகத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அங்கே நிரூபிக்கும் சுமை புகார் கொடுத்தவருடையது. போதாக்குறைக்குப் பெரும்பாலான நிறுவனங்கள் மறுப்புக்குக் காரணமே சொல்வதில்லை. "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொள்கின்றன.

இருந்தாலும் வென்றவர்கள் இருக்கிறார்கள். விமானப் பணியாளர் வேலைக்கு எல்லாக் கட்டங்களிலும் தேறிய ஒருவருக்கு, இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்ததும் வேலை மறுக்கப்பட்டது. ஹாஃப்மன் எதிர் தென்னாப்பிரிக்க ஏர்வேஸ் என்ற அந்த வழக்கில் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீடு கொடுத்து அனுப்பிவிடச் சொல்லவில்லை. அவரை வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்றே உத்தரவிட்டது.

எங்கள் வீடுகளுக்கு இன்னும் நெருக்கமானது 2005இல் கேப் டவுன் மாநகராட்சிக்கு எதிராகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு. இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளி ஒருவர் தீயணைப்பு வீரர் வேலைக்கு விண்ணப்பித்தார். நோயை நன்றாகக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர், உடல் தகுதியும் உள்ளவர். இன்சுலின் போடுகிறவர்கள் யாரையும் எடுப்பதில்லை என்ற பொது விதியைக் காட்டி மாநகராட்சி மறுத்தது. ஆளை ஆளாகப் பார்க்காமல் நோயின் பெயரைப் பார்த்துக் கதவைச் சாத்துவது நியாயமற்ற பாகுபாடு என்று நீதிமன்றம் சொன்னது. தீயணைப்பு போன்ற ஆபத்தான வேலைக்கே இப்படியென்றால், உம்லாங்காவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலைக்குச் சர்க்கரையைக் காரணம் காட்ட எந்த முகாந்திரமும் இல்லை.

அதே நேரத்தில், உடல்நிலையைக் கேட்டே ஆகவேண்டிய வேலைகளும் உண்டு. சுரங்கம், கட்டுமானம், தொழில்முறை ஓட்டுநர், கப்பல் பணி ஆகியவற்றுக்கு மருத்துவத் தகுதிச் சான்றிதழை அந்தந்தச் சட்டங்களே கேட்கின்றன. டர்பன் துறைமுகத்தைச் சுற்றி வேலை தேடுகிறவர்கள் இதை எதிர்பார்த்தே போக வேண்டும். அங்கேயும் பார்க்கப்படுவது இன்று உங்களால் இந்த வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியுமா என்பதுதான். மருத்துவர் முதலாளிக்கு அனுப்ப வேண்டியது தகுதி உண்டு, இல்லை, அல்லது இன்னின்ன கட்டுப்பாடுகளோடு உண்டு என்ற முடிவை. உங்கள் நோய் வரலாறு முழுவதும் மேலாளரின் மேசைக்குப் போக வேண்டியதில்லை.

பழைய விடுப்பு கசியும் முக்கியமான வழி பழைய முதலாளியிடம் விசாரிக்கும் தொலைபேசி அழைப்பு. அழைப்பவர் கையில் ஒரு படிவம் இருக்கும்: பணியாற்றிய காலம், பதவி, நடத்தை, நேரம் தவறாமை, மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வீர்களா. சில படிவங்களில் "மருத்துவ விடுப்பு: குறைவு, சராசரி, அதிகம்" என்று மூன்று கட்டங்கள் இருக்கும். அந்தப் பக்கம் பேசுபவர் பழைய நட்பில் "நல்ல ஆள்தான், பாவம், சிறுநீரகக் கோளாறு, அடிக்கடி ஆஸ்பத்திரி" என்று அனுதாபத்தோடு சொல்லிவிடுவார். கெடுதல் நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், பாப்பியா என்று எல்லோரும் சொல்லும் அந்தச் சட்டம், உடல்நலத் தகவலைச் சிறப்புத் தகவல் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் சம்மதமோ சட்டம் குறிப்பிடும் வேறு காரணமோ இல்லாமல் அதை அடுத்தவரிடம் கொடுக்க முடியாது. 2021 ஜூலை 1 முதல் நிறுவனங்கள் இதைப் பின்பற்றியே ஆகவேண்டும். விண்ணப்பத்தோடு நீங்கள் கையெழுத்திடும் சம்மதத் தாளை வாசியுங்கள். "பணி தொடர்பான எல்லாத் தகவல்களையும்" என்று அகலமாக இருந்தால், "உடல்நலத் தகவல் தவிர" என்று பேனாவால் எழுதிச் சேர்க்கலாம். பெரும்பாலும் யாரும் மறுப்பு சொல்வதில்லை. பழைய இடத்தில் யாரை விசாரிக்கச் சொல்கிறீர்களோ அவரிடமும் முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

இதோடு தொடர்புடைய இன்னொன்று, மருத்துவர் கொடுக்கும் சான்றிதழ். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் வராவிட்டாலும், 8 வாரத்துக்குள் இரண்டு தடவைக்கு மேல் வராவிட்டாலும் முதலாளி அதைக் கேட்கலாம்; கொடுக்காவிட்டால் அந்த நாள்களின் சம்பளத்தை நிறுத்தலாம். அந்தச் சான்றிதழில் நோயின் பெயர் இருந்தே ஆகவேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. மருத்துவர்களுக்கான தொழில் நெறி விதிகளின்படி, நோயாளி சம்மதித்தால்தான் நோய் விவரத்தை எழுதலாம். சம்மதிக்காவிட்டால், பரிசோதித்த தேதியையும் எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்பதையும் குறிப்பிட்டு, இவர் வேலை செய்யும் நிலையில் இல்லை என்பது என் கருத்து என்று எழுதினால் போதும். மனநலச் சிகிச்சைக்குப் போகிறவர்கள் இதை முதல் நாளிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. கோப்பில் ஏறாத வார்த்தை பிற்பாடு தொலைபேசியில் கசிவதில்லை.

இனி நியமனக் கடிதம். அதில் நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். "பழைய முதலாளியின் திருப்தியான பரிந்துரைக்கும் மருத்துவத் தகுதிக்கும் உட்பட்டு" என்று இருந்தால் அது நிறைவேறும்வரை வேலை உறுதியில்லை. அந்தக் கட்டத்தில் பழைய வேலையிலிருந்து விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன். நிபந்தனை ஏதும் இல்லாத கடிதத்தை ஏற்றுக் கையெழுத்திட்டுவிட்டால் நிலைமை மாறிவிடும். முதல் நாள் வேலைக்குப் போவதற்கு முன்பே நீங்கள் ஊழியர்தான் என்று தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்திருக்கிறது. பிறகு "உங்கள் விடுப்புப் பதிவு எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்று கடிதத்தை ரத்து செய்தால் அது பணிநீக்கம். நியாயமற்ற பணிநீக்கம் என்று, தொழில் தகராறுகளைத் தீர்த்து வைக்கும் சி.சி.எம்.ஏ. ஆணையத்தில் புகார் கொடுக்க 30 நாள்தான் அவகாசம். நிபந்தனைக் கட்டத்திலேயே பாகுபாட்டால் மறுக்கப்பட்டவர்களுக்குச் சமத்துவச் சட்டத்தின் கீழ் 6 மாதம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. புகாரைப் பதிய வழக்கறிஞரும் தேவையில்லை.

சரி, கேட்டுவிட்டார்கள், என்ன சொல்வது? நாமாக முன்வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டிய பொதுவான கடமை இல்லை. ஆனால் "விடுப்பே எடுத்ததில்லை" என்று சொல்லிவிட்டுப் பிறகு உண்மை வெளிவந்தால், பேச்சு விடுப்பை விட்டு நேர்மைக்குத் தாவிவிடும். அதற்குப் பிறகு உங்களைக் காப்பாற்ற மேலே சொன்ன சட்டங்களில் எதுவும் முன்வராது. உண்மையாக இருந்தால் இப்படிச் சொல்லலாம்: "போன வருடம் ஒரு சிகிச்சைக்காக ஐந்து வாரம் விடுப்பில் இருந்தேன். ஜூலையில் முழு நேர வேலைக்குத் திரும்பினேன். இந்த வேலையின் கடமைகளைச் செய்ய எனக்கு எந்தத் தடையும் இல்லை." இதோடு நிறுத்துங்கள். அமைதி நீண்டால் நாமே அதை நிரப்பப் பார்ப்போம். மாமியாரின் பித்தப்பைவரை பேச்சு போய்விடும்.

வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போன்ற தொடர் சிகிச்சையில் இருப்பவர்கள் முழுவதுமாக மறைப்பது அவர்களுக்கே நல்லதல்ல. வேலை நேரத்தை மாற்றித் தருவது போன்ற நியாயமான வசதியை முதலாளி செய்து தர வேண்டுமென்றால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொல்வதற்கு ஏற்ற வேளை, என் அனுபவத்தில், கடிதம் கைக்கு வந்த பிறகும் முதல் நாளுக்கு முன்பும்.

வேலையில் சேரும்போது நீட்டப்படும் மருத்துவக் காப்புத் திட்டப் படிவமும் குழுக் காப்பீட்டுப் படிவமும் வேறு கதை. அங்கே நோய்களைக் கேட்பார்கள், கேட்கவும் செய்யலாம். மறைக்காமல் எழுதுங்கள். 1998ஆம் ஆண்டின் மருத்துவத் திட்டங்கள் சட்டப்படி எல்லோருக்கும் பொதுவான திட்டங்கள் நோயைக் காட்டி யாரையும் மறுக்க முடியாது. அதிகபட்சம் பொதுவாக 3 மாதமும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதமும் காத்திருக்கச் சொல்லலாம். அந்தப் படிவம் காப்புத் திட்டத்துக்குப் போவது, உங்கள் மேலாளருக்கு அல்ல. ஒட்டிய உறையில் கொடுக்கலாமா என்று கேளுங்கள்.

ஆசிரியர்களும் மற்ற அரசு ஊழியர்களும் கவனிக்க வேண்டியது, அரசு வேலைக்கான இசட் 83 விண்ணப்பப் படிவம். உடல்நலக் குறைவால் அரசுப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டோ ஓய்வு பெற்றோ இருக்கிறீர்களா என்று அது நேரடியாகவே கேட்கிறது. கேட்பது ஓய்வைப் பற்றி, சாதாரண மருத்துவ விடுப்பைப் பற்றி அல்ல. 2019இல் மூன்று வாரம் முதுகுவலியோடு வீட்டில் இருந்ததற்காக அங்கே "ஆம்" என்று எழுத வேண்டாம்.

கடைசியாக, சேர்ந்த பிறகு. புது இடத்தில் முதல் 6 மாதத்துக்கு 30 நாள் விடுப்பு உடனே கையில் இருக்காது. ஒவ்வொரு 26 வேலை நாளுக்கும் ஒரு நாள் என்ற கணக்கில்தான் சேரும். வாரம் 5 நாள் வேலை செய்கிறவருக்கு அரையாண்டில் ஏறக்குறைய 5 நாள். அந்தக் காலத்தில் எடுத்ததைப் பிறகு 30 நாளிலிருந்து கழித்துக்கொள்ளவும் முதலாளிக்கு உரிமை உண்டு. தள்ளிப்போடக்கூடிய சிறு அறுவைச் சிகிச்சை ஏதாவது பாக்கி இருந்தால், பழைய இடத்தின் சுழற்சியில் நாள் மிச்சம் இருக்கும்போதே செய்துகொண்டு வருவது கணக்குக்கு நல்லது.